மல்காஜ்கிரி வீட்டுச் சாவியும் 1867-ஆம் வருடத்துச் சட்டமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைதராபாத்திலிருந்து பெரியப்பா மகன் கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"டேய், மல்காஜ்கிரி வீட்டை எதுக்குடா சும்மா பூட்டி வெச்சிருக்கீங்க? மாச வாடகைக்கு விட்டா பதினஞ்சாயிரம் வரும். இன்டர்நெட்ல போட்டு நாள் வாடகைக்கு விட்டா அதே பணம் பத்தே நாள்ல வந்துடும். ஸ்டேஷன் பக்கம், சார்மினார் பார்க்க வர்றவன், ஆஸ்பத்திரிக்கு வர்றவன், எத்தனை பேர் இருக்கான்! சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கட்டும். அவன் பெருக்கித் துடைச்சு வெச்சுடுவான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய இரண்டு படுக்கையறை ஃப்ளாட் அது. அப்பா போன பிறகு அம்மாவை இங்கே, ஜெர்ஸி சிட்டிக்கு, அழைத்து வந்துவிட்டோம். வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சொத்து வரியும் பராமரிப்புப் பணமும் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வர்றவங்க யாருன்னு அங்க யார் பார்ப்பா?"

அண்ணா சிரித்துவிட்டு, "அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும் சித்தி" என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த சில வாரங்கள் ராத்திரி நேரங்களில் இது பற்றிய பழைய சட்டங்களை எடுத்துப் படித்தேன். (நான் வக்கீல் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். முடிவெடுக்கும் முன் உங்கள் ஊர் வக்கீலையும் ஆடிட்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) படித்ததில் ஒன்று புரிந்தது. அம்மா கேட்ட கேள்வியைத்தான் நம் நாட்டுச் சட்டமும் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வீடு யாருடையது என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. வாசலில் நின்று பதில் சொல்லப்போவது யார் என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டும்.

வாடகை இல்லாத காலம்

முதலில் நம்மூர்ப் பக்கத்துக் கதை. ஹைதராபாத் பிறந்ததிலிருந்தே வழிப்போக்கர்களின் ஊர். குதுப் ஷாஹி காலத்தில் மசூலிப்பட்டினம் துறைமுகத்திலிருந்து கோல்கொண்டாவுக்கு வணிகர்கள் வந்தார்கள். அந்த வழியில்தான் இன்றைய ஹயாத்நகர் இருக்கிறது. அப்துல்லா குதுப் ஷாவின் தாய் ஹயாத் பக்‌ஷி பேகத்தின் பெயரில் அமைந்த ஊர். அங்கே மசூதியும் அதைச் சுற்றி வரிசையாக அறைகள் கொண்ட சராயும் இன்னும் இருக்கின்றன. கோல்கொண்டாவுக்குப் பக்கத்தில் ஷேக்பேட்டையில் இன்னொரு சராய். பதினேழாம் நூற்றாண்டில் வைரம் வாங்க வந்த பிரெஞ்சு வணிகர் தாவெர்னியேவும் ஹைதராபாத்தின் சராய்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மல்காஜ்கிரிக்கு அடுத்த ஊரான மௌலா அலிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ரஜப் மாதத்தில் அந்தக் குன்றின் மேலுள்ள தர்காவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போவார்கள். கவிஞரும் நடனக்கலைஞருமான மா லக்கா பாயின் சமாதி அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. 1824-இல் காலமானவர் அவர்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம், இது வியாபாரம் இல்லை. அரசரோ அரச குடும்பத்துப் பெண்ணோ புண்ணியத்துக்காகக் கட்டி வைத்தது. நம் தமிழ்நாட்டுச் சத்திரங்களும் அப்படித்தான். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டி, நிலமும் எழுதி வைத்தார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அதில் ஒன்று.

ஆங்கிலேயர்கள் வந்த பிறகு இந்த தர்மத்துக்குள் முதல் முதலாகச் சட்டம் நுழைந்தது. 1817-ஆம் வருடத்து மதராஸ் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், மசூதி, பாலம், சாவடி, சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருமானம் சரியான காரியத்துக்குப் போகிறதா என்று பார்க்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. கவனியுங்கள், அந்தச் சட்டத்தின் கண் வருமானத்தின் மேல்தான். சத்திரத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்வி வர இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று.

1867: யார் படுத்திருந்தார்கள்?

1857 எழுச்சி நடந்து பத்து வருடம் கழித்து சராய்கள் சட்டம் வந்தது. 1867-ஆம் வருடத்தின் 22-ஆம் சட்டம். சின்னச் சட்டம்தான். ஆனால் இன்று ஒரு ஃப்ளாட்டை நாள் வாடகைக்கு விடுகிறவனிடம் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளும் அதில் அப்போதே இருக்கின்றன.

பயணிகள் தங்கும் எந்தக் கட்டடமும் சராய். அதை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் யாரையும் தங்கவைக்கக் கூடாது. பொறுப்பாளர் நன்னடத்தைச் சான்று காட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் பதிவை மறுக்கலாம். யாருக்காவது தொற்றுநோய் வந்தாலோ யாராவது இறந்தாலோ உடனே காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அறை, தாழ்வாரம், சாக்கடை, கிணறு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். திருடன் ஏறிக் குதிக்க வசதியாக இருக்கும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும். காவலுக்கு ஆள் போட வேண்டும். கட்டணப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

நோய் பற்றிய விதி சும்மா வந்ததில்லை. அந்தக் காலத்தில் யாத்திரையும் காலராவும் கைகோத்துப் போயின. இந்தச் சட்டம் வந்த அதே 1867-இல்தான் ஹரித்வார் கும்பமேளாவுக்கு வந்து திரும்பிய யாத்ரீகர்கள் வழியாக வட இந்தியா முழுக்க காலரா பரவியது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை இரண்டு விதிகள்.

முதலாவது, பொறுப்பாளர் யார் என்பதற்கான விளக்கம். உரிமையாளர் மட்டுமல்ல, அந்த இடத்தைக் கவனித்துக்கொள்கிற அல்லது நிர்வகிக்கிற எவரும் பொறுப்பாளர்தான். அதாவது, உரிமையாளர் எங்கோ தூரத்தில் இருந்தாலும் சட்டத்தின் கை அருகில் நிற்கிறவனைத்தான் முதலில் பிடிக்கும்.

இரண்டாவது, மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் முந்தைய பகலிலோ இரவிலோ வந்து தங்கியவர்கள் யார் யார் என்று பொறுப்பாளர் தெரிவிக்க வேண்டும். வாயாலும் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத சராய்க்காரனும் தப்ப முடியாது, அதே நேரம் எழுதத் தெரியாதே என்று அவன் தவிக்கவும் வேண்டாம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் சட்டம் எழுதியவனுக்கு வாசலில் நிற்பவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருக்கிறது.

இது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். மல்காஜ்கிரி அப்போது நிஜாம் நாடு. அங்கே பழைய தர்ம வழி இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. 1907-இல் நாம்பள்ளி ரயில் நிலையம் வந்தது. அதில் வந்து இறங்குகிறவர்களுக்காக ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் 1919-இல் நாம்பள்ளி சராய் கட்டப்பட்டது. மல்காஜ்கிரி வழியாகவும் ரயில் ஓடியது. செகந்திராபாத்திலிருந்து பொலாரம், மேட்சல், நிஜாமாபாத் என்று வடக்கே மன்மாடு வரை போகும் பாதை அது. லாலாகுடா பணிமனையும் பக்கத்தில். அப்பா மாதிரி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துத்தான் அந்தப் பக்கம் குடியேறின.

வெளிநாட்டவரும் படிவமும்

அடுத்த கேள்வி போர்க்காலத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1939-இல், வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் வந்தது. ஹோட்டல், போர்டிங் ஹவுஸ், சராய் அல்லது அது போன்ற எந்த இடத்தை நடத்துகிறவரும் அங்கே தங்கும் வெளிநாட்டவரின் பெயரை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்ய அது வழி கொடுத்தது. எத்தனை காலம் தங்கினாலும் சரி, ஒரே ராத்திரியானாலும் சரி. சராய் என்ற வார்த்தை எழுபது வருடம் கழித்து மறுபடியும் எட்டிப் பார்க்கிறது பாருங்கள்.

1946-இல் வந்த வெளிநாட்டவர் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இன்னும் தெளிவு. காசு வாங்கிக்கொண்டு படுக்க இடம் கொடுக்கிற எந்த இடமும் அதில் அடங்கும். நாற்காலி மேஜை போட்ட வீடானாலும் ஒன்றும் இல்லாத வெற்று வீடானாலும் வித்தியாசம் இல்லை. அதன் பொறுப்பாளர் விவரம் கொடுக்க வேண்டும், பதிவேடு வைத்திருக்க வேண்டும். 1948-இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த பின் இந்தச் சட்டங்கள் அங்கேயும் வந்து சேர்ந்தன.

நமக்கு இது நன்றாகத் தெரிந்த சட்டம்தான். ஊருக்குப் போய் ஹோட்டலில் அறை எடுக்கும்போது வரவேற்பில் இருக்கும் பையன் பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கி நகல் எடுப்பானே, அதுதான். 'ஃபார்ம் சி' என்பார்கள். வந்து 24 மணி நேரத்துக்குள் அது அதிகாரிகளுக்குப் போயாக வேண்டும். சொந்த ஊரில் நம்மை வெளிநாட்டவனாக எழுதிக்கொள்கிறார்களே என்று முதல் முறை எனக்கு முகம் சுருங்கியது. இப்போது அதே படிவத்தை மேஜையின் மறுபக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். என் வீட்டில் ஒரு ஜெர்மன்காரர் வந்து இறங்கினால் அதை நிரப்பப்போவது யார்?

1946 சட்டம் இப்போது இல்லை. அதற்கும் 1939 சட்டத்துக்கும் பதிலாக 2025-ஆம் வருடத்துக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் தங்க இடம் கொடுப்பவர் தகவல் தர வேண்டும் என்ற கடமை புதிய சட்டத்திலும், 8-ஆம் பிரிவில், அப்படியே இருக்கிறது.

வாடகைதாரரா, விருந்தாளியா?

இதே காலத்தில் இன்னொரு பக்கம் வாடகைச் சட்டம் வளர்ந்தது. போர் நேரத்தில் நகரங்களில் வீட்டுக்குத் தட்டுப்பாடு. 1941-இல் மதராஸில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டார்கள். பிறகு அது 1949-இலும் 1960-இலும் முழுச் சட்டங்களாக ஆனது. ஹைதராபாத் மாநிலத்துக்கு 1954-இல் தனிச் சட்டம். ஆந்திரப் பிரதேசம் உருவான பின் 1960-இல் ஆந்திரப் பிரதேசக் கட்டடங்கள் (குத்தகை, வாடகை, வெளியேற்றம்) கட்டுப்பாட்டுச் சட்டம்.

இவை குடியிருப்பவனுக்குக் கவசம் கொடுத்தன. நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லலாம். சட்டம் சொன்ன காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. ஆனால் 'கட்டடம்' என்பதற்கு விளக்கம் சொல்லும் இடத்தில் ஒரு விலக்கு வைத்தார்கள். ஹோட்டல் அறையும் போர்டிங் ஹவுஸ் அறையும் இதில் சேராது.

அந்த ஒரு வரியில் மனிதர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒருவர் வாடகைதாரர். அவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, தினசரிப் பதிவேடு கிடையாது. இன்னொருவர் விருந்தாளி. அவருக்குப் பாதுகாப்பு கிடையாது, பதிவேடு உண்டு. வீட்டுக்காரருக்கு எது லாபமோ அதற்கு ஈடாக ஒரு பொறுப்பைச் சட்டம் அவர் தலையில் கட்டியது. காலி செய்ய மாட்டேன் என்று வருடக்கணக்கில் உட்காரும் ஆள் வேண்டாமா? சரி, விடுதி நடத்து. ஆனால் விடுதிக்காரன் மாதிரி கணக்கு வை.

இதிலிருந்து நழுவப் பார்த்தவர்கள் அப்போதும் உண்டு. 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கு பிரபலமானது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள் ஒருவர் முடி திருத்தும் கடை நடத்தினார். பத்திரத்தில் அது குத்தகை அல்ல, வெறும் அனுமதி என்ற பாணியில் எழுதியிருந்தார்கள். பெரும்பான்மை நீதிபதிகள் அதைக் குத்தகை என்றே பார்த்தார்கள். நீதிபதி கே. சுப்பா ராவ் அங்கே ஒரு அளவுகோலை வகுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்று பார்க்காதே, உண்மையில் இரு தரப்பும் என்ன நோக்கத்தோடு செய்தார்கள் என்று பார். ராஜமுந்திரிக்காரர், சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர், பிற்பாடு 1966-இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். அந்த அளவுகோலை இன்றும் வழக்குகளில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

"இது ஹோட்டல் இல்லீங்க, வீடு. வர்றவங்க நமக்குத் தெரிஞ்சவங்க" என்று சொல்லலாம் என்று அண்ணா அடுத்த அழைப்பில் யோசனை சொன்னபோது எனக்கு இந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் ஆள் இருக்க வேண்டும்

வீட்டில் விருந்தாளி என்ற எண்ணத்தை அரசாங்கமே கையில் எடுத்தது பிற்பாடுதான். கோவா 1982-இலேயே சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்கு டெல்லியில் ஹோட்டல் அறைகள் போதாது என்று தெரிந்தபோது மத்திய சுற்றுலா அமைச்சகம் படுக்கையும் காலைச் சாப்பாடும் தரும் வீடுகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. டெல்லி அரசு 2007-இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது.

மத்தியத் திட்டத்தில் தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம். பிந்தைய நெறிமுறைகளின்படி அதிகபட்சம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை. ஆனால் முக்கியமான நிபந்தனை வேறு. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். மல்காஜ்கிரியில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டு, இரண்டு அறை காலியாக இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு இது பொருத்தமான திட்டம். அவர்களுக்குப் பேச்சுத்துணையும் கிடைக்கும், கைச்செலவுக்குப் பணமும் கிடைக்கும். ஜெர்ஸி சிட்டியில் உட்கார்ந்துகொண்டு பூட்டிய வீட்டை விடப் பார்க்கிற எனக்கு இது பொருந்தாது.

இந்தியாவில் மட்டும்தான் இப்படிக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். நாம் பிழைக்கப் போன ஊர்களிலும் இதே கதைதான். லண்டனில் 1973-ஆம் வருடத்துச் சட்டப்படி 90 இரவுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விட்டால் திட்ட அனுமதி வேண்டும். 2015-இல் அதைத் தளர்த்தி, வருடத்துக்கு 90 இரவு வரை விடலாம் என்றார்கள். அப்போதும் அந்த வீட்டுக்கு நகராட்சி வரி கட்டும் பொறுப்புள்ளவர்தான் விட வேண்டும் என்று நிபந்தனை. சிங்கப்பூரில் தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்சம் ஆறு மாதம் என்றிருந்ததை 2017-இல் மூன்று மாதமாகக் குறைத்தார்கள். அரசு அடுக்குமாடி வீடுகளில் சுற்றுலாப் பயணிக்கு இடமே கிடையாது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விடுகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தாளி இருக்கும்போது தானும் வீட்டில் இருக்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறது.

எங்கள் ஜெர்ஸி சிட்டியில் இதற்குப் பொது வாக்கெடுப்பே நடந்தது. 2019 நவம்பர். உரிமையாளர் அங்கே குடியில்லாத வீடுகளை வருடத்துக்கு 60 இரவுக்கு மேல் விடக் கூடாது என்ற நகரச் சட்டத்துக்கு மக்கள் பெருவாரியாக ஆதரவு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் வாரம் ஒரு புது முகம், ராத்திரி இரண்டு மணிக்கு பெட்டி உருட்டும் சத்தம், யாரிடம் புகார் சொல்வது என்று தெரியாத நிலை. அந்த எரிச்சலை அனுபவித்த எங்களில் பலர் அந்தச் சட்டத்தை நியாயம் என்றுதான் சொன்னோம். இங்கே பக்கத்து வீட்டுக்காரனாக நியாயம் பேசிவிட்டு, மல்காஜ்கிரியில் வீட்டுக்காரனாக வேறு நியாயம் பேசலாமா?

வரியும் வாட்ச்மேனும்

வரிக் கணக்கும் இருக்கிறது. ஆந்திராவில் 1987 முதல் ஹோட்டல்களுக்கும் லாட்ஜுகளுக்கும் ஆடம்பர வரி இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கியது. நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள அறைகளுக்கு அப்போது வரி இல்லை. 2022 ஜூலையில் அந்தச் சலுகை போயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். வருடத்துக்கு 20 லட்ச ரூபாய்க்குள் வருமானம் இருந்து நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும், இணையத் தளம் மூலம் விடும்போது அந்த வரியைத் தளமே கட்ட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நம் வாடகை வருமானத்துக்கு வருமான வரி தனி. வீட்டு இணைப்பு மின்சாரக் கட்டணம் வேறு, வணிக இணைப்புக் கட்டணம் வேறு. அடுக்குமாடிச் சங்கத்தின் விதிகள் இன்னொரு பக்கம். பத்து நாளில் பதினைந்தாயிரம் என்ற கணக்கு இதையெல்லாம் கழித்தால் அவ்வளவு கொழுப்பாக இல்லை.

ஆனால் என் முடிவை மாற்றியது பணம் இல்லை.

அம்மாவின் பழைய பக்கத்து வீட்டு மாமி வாரம் ஒருமுறை பேசுவார். எங்கள் குடியிருப்பின் இன்னொரு பிளாக்கில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் ஃப்ளாட்டைப் போன வருடம் இப்படி நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார். சாவி வாட்ச்மேனிடம். ஒவ்வொரு முறை சுத்தம் செய்வதற்கும் ஐநூறு ரூபாய். ஒரு நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, போன வாரம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் யார், பதிவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். உரிமையாளருக்குப் போன் போட்டால் அவர் ஊரில் நடுராத்திரி, எடுக்கவில்லை. சங்கச் செயலாளர் வாட்ச்மேனைக் கை காட்டிவிட்டார்.

கீழே செல்லாரில், கார்களுக்கு நடுவில், அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். மஹபூப்நகர்ப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரே அறையில் குடியிருப்பவர். தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. யார் வந்தார்கள் என்று கேட்டால், "போன்ல நம்பர் சொன்னாங்க சார், சாவி கொடுத்தேன்" என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிதாக எதுவும் ஆகவில்லை. மறுநாள் உரிமையாளர் பேசி ஏதோ விளக்கம் கொடுத்துச் சரிசெய்துவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவர் மனைவி அழுதுகொண்டே இருந்ததாக மாமி சொன்னார்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத ராத்திரி, லிஃப்ட் வேலை செய்யாதபோது, மூன்று மாடி அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியது இந்த வாட்ச்மேன்தான். இன்றைக்கும் அம்மா போனில் பேசினால், "அம்மகாரு, எப்ப வர்றீங்க?" என்று கேட்பவர்.

1867 சட்டம் சொன்ன பொறுப்பாளர் இவர்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இடத்தைக் கவனித்துக்கொள்கிற எவரும். இணையத் தளம் பணத்தை வாங்கித் தரும், ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும். போலீஸ் வந்து கேட்டால் செல்லாரில் இறங்கி நிற்காது. நானும் நிற்க மாட்டேன். எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன். என் லாபத்துக்காக, எனக்குப் பதிலாக அவரை நிற்க வைப்பதற்குப் பெயர் புத்திசாலித்தனமான முதலீடு என்றால், அது எனக்கு வேண்டாம்.

விருந்தாளிகளை வைத்துக்கொள்வது தப்பென்று சொல்ல வரவில்லை. நம் பாட்டன்கள் திண்ணை கட்டியதே வழிப்போக்கன் படுக்கத்தான். ஆனால் திண்ணைக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது, கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரர் இருந்தார். நீங்களோ உங்கள் பெற்றோரோ அந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் பதிவு செய்து, பதிவேடு வைத்து, முறையாக நடத்துங்கள். நான்கு நல்ல மனிதர்களின் பழக்கம் கிடைக்கும். இல்லை, முறையாக ஒருவரை நியமித்து, சம்பளம் கொடுத்து, சட்டப்படி அவர் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்து நடத்த முடியும் என்றால் அந்தந்த ஊர் விதியைப் பார்த்து அதுவும் செய்யலாம். சாவியை மட்டும் ஒருவர் கையில் திணித்துவிட்டு நாம் தூங்கப் போகக் கூடாது.

போன ஞாயிறு அண்ணாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபம்தான். "உங்களுக்கெல்லாம் டாலர் இருக்கு, பேசுவீங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு விடப் பார்த்துத் தரும்படி அவரையே கேட்டுக்கொண்டேன். (ஏன் பதினோரு மாதம்? 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான்.)

இரண்டே நாளில் ஆள் பிடித்துவிட்டார். கணவர் ரயில்வேயில், மனைவி நர்ஸ், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதையெல்லாம் அவள் காதில் வாங்கவே இல்லை.

"வாட்ச்மேன் அவங்களைப் பார்த்துட்டானா? என்ன சொன்னான்?" என்றாள்.